வாசலில் எண்ணப்படும் தலைகள்

ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் விவாதம் முடிந்ததும் யாரும் கை தூக்குவதில்லை. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் வாசலின் ஒரு பக்கமாகவும் எதிர்ப்பவர்கள் மறுபக்கமாகவும் வெளியேறுவார்கள். தலைகளை எண்ணினால் முடிவு தெரிந்துவிடும்.

1823இல் மாணவர்கள் தொடங்கிய விவாதச் சங்கம் இது. 1830இல் இதன் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன், பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரானார். பேச்சுப் பழகிய மாணவர்களுக்கு நாடாளுமன்றம் அத்தனை தூரமில்லை.

இங்கே எழுந்த பெரிய புயல் 1933 பிப்ரவரி 9 அன்று வீசியது. மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடமாட்டோம் என்ற தீர்மானம் 275க்கு 153 என நிறைவேறியது. பத்திரிகைகள் கொதித்தன, வின்ஸ்டன் சர்ச்சில் சாடினார். அவர் மகன் ராண்டால்ஃப், அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்கச் சொல்லி வந்தார். 750க்கு 138 என்று தோற்றுத் திரும்பினார்.

பேச்சுச் சுதந்திரத்தில் தாராளம். உறுப்பினர் சேர்க்கையில் கஞ்சத்தனம். பெண்கள் முழு உறுப்பினராக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1977இல் தலைவர் நாற்காலியில், பின்னாளில் பாகிஸ்தான் பிரதமரான பெனசீர் பூட்டோ அமர்ந்தார்.

இலங்கைக்கும் இங்கே இடமுண்டு. பின்னாளில் இலங்கைப் பிரதமரான பண்டாரநாயக்க இதன் செயலாளராக இருந்தார். லலித் அத்துலத்முதலி தலைவரானார். அடுத்து, 1959இல், தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர் அந்தப் பதவிக்கு வந்தார். 2005 மார்ச்சில் அவருடைய உருவப்படத்தை யூனியன் திறந்துவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, இலங்கை வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, கொழும்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.