துகளா, அணுவா?

ஒளியின் அலை-துகள் இருமையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு இடங்களில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். ஃபோட்டான் என்ற பெயரை ஐன்ஸ்டைன் வைத்தார் என்பது ஒன்று. அந்த ஃபோட்டானுக்கு ‘ஒளியணு’ என்று தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டு, அணுவைத் துளைப்பதை ஔவையாரே பாடிவிட்டாரே என்று மார்தட்டுவது மற்றொன்று. முதலாவது தகவல் பிழை. ஒரு வரியில் திருத்திவிடலாம். இரண்டாவது சொல்லையும் கெடுத்துப் பொருளையும் கெடுக்கிறது.

ஔவையாரை முதலில் முடித்துவிடுவோம். திருவள்ளுவமாலையில் குறளின் செறிவைப் புகழ வந்த இடைக்காடர் பாட்டு கடுகைச் சொல்கிறது. ஔவையார் பாட்டு அதையே ஒரு படி ஏற்றி அணு என்கிறது. மிகமிகச் சிறியது என்பதற்கு மேல் அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. அணு வந்ததால் அது அணு இயற்பியல் என்றால், கடுகு வந்த பாட்டை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அணுகு என்ற வினையிலிருந்து அணு பிறந்தது என்பாரும் உளர். நெருங்குவதற்கும் சிறுமைக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் வராது. அணு வடசொல், பரமாணு என்ற துணையோடு சமய வாதங்களின் வழியே தமிழுக்குள் வந்தது. வந்த சொல் என்பதற்காக எனக்கு அதன்மேல் பகை இல்லை. வரும்போது எந்தப் பொருளைச் சுமந்துகொண்டு வந்தது என்பதே கேள்வி.

அதற்கு மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையைப் பார்க்க வேண்டும். வஞ்சி நகரில் ஆசீவக சமயத்து முதியவர் ஒருவர் தம் கொள்கையை விரிக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணுக்கள் ஐவகை. அவை புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதும் இல்லை. ஒன்றனுள் ஒன்று புகாது. நீரணு நிலவணுவாக மாறாது. ஓர் அணு இரண்டாகப் பிளக்காது. இடித்த நெல் அவலாகப் பரக்கிறதே, அப்படிப் பரக்கவும் செய்யாது. இந்த அவல்தான் எனக்கு முக்கியம். ஆசீவகர் தம் அணுவுக்கு மறுத்த அந்தப் பரவலைத்தான் பிற்காலத்து இயற்பியல் ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் கொடுத்தது. பிறப்பும் இறப்பும் இல்லாதது, பரவாதது என்று இரண்டு இலக்கணங்களோடு தமிழில் குடியேறிய சொல் அது. இரண்டுமே ஃபோட்டானுக்குப் பொருந்தாது.

இனி ஃபோட்டானின் கதை. 1905இல் ஐன்ஸ்டைன் எழுதியது ‘லிக்ட்குவாண்ட்’ என்ற ஜெர்மன் சொல். ஒளியின் அளவுக்கூறு என்று பொருள். ஃபோட்டான் என்ற சொல் முதலில் வேறொரு பொருளில் பிறந்தது. 1916இல் லெனார்டு டிரோலண்ட் என்ற அமெரிக்கர் கண்ணின் விழித்திரையில் விழும் ஒளியை அளக்கும் அலகுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. (இவர் பின்னாளில் டெக்னிக்கலர் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். விழித்திரையிலிருந்து வெள்ளித்திரைக்கு! இந்தத் ‘திரை’யை நினைவில் வையுங்கள்.) இயற்பியலில் அந்தச் சொல்லை நிலைநாட்டியவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ். 1926 டிசம்பர் 18 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய கடிதம் அந்தப் பெயரை முன்மொழிந்தது. மறு ஆண்டு அக்டோபரில் பிரசெல்சில் கூடிய சால்வே மாநாட்டின் பொருளே ‘எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களும்’ என்றாகிவிட்டது. கல்கத்தாவில் பணியாற்றிய சி.வி. இராமன், இயற்பியலாளர் பகவந்தத்தோடு சேர்ந்து, ஃபோட்டானின் தற்சுழற்சிக்குச் சோதனைச் சான்று தருவதாக 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்தே ஆண்டில் அந்தப் பெயர் கல்கத்தா வரை வந்து சேர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், லூயிஸ் பெயர் வைத்த பொருள் இன்று நாம் அந்தப் பெயரால் சுட்டும் பொருள் அன்று. அவருடைய ஃபோட்டான் ஒளியே இல்லை. ஒளியைச் சுமந்து செல்லும் ஒரு புதுவகை அணு. அதை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. உலகில் அதன் மொத்த எண்ணிக்கை மாறாது. வஞ்சி நகரத்து ஆசீவகர் கேட்டிருந்தால் அவரைக் கட்டித் தழுவியிருப்பார். அந்தக் கொள்கையை ஒருவரும் ஏற்கவில்லை. விளக்கின் பொத்தானை அழுத்தினால் ஃபோட்டான்கள் கோடிக்கணக்கில் பிறக்கின்றன, கரும்பலகையில் பட்டதும் மாய்கின்றன. கொள்கை போய்ப் பெயர் மட்டும் தங்கியது. ஆக, ஒளியணு என்று எழுதுகிறவர் தம்மை அறியாமலே லூயிசின் தோற்றுப்போன கொள்கையைத் தமிழில் தூக்கி நிறுத்துகிறார்.

சரியான சொல் துகள். ஏனென்று சொல்கிறேன்.

துகைத்தல் என்றால் மிதித்து நொறுக்குதல், இடித்தல். துகைக்கப்பட்டு எழுவது துகள். முல்லைக்கலியில் ஏறுதழுவும் களத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே முதலில் எழுவது துகள்; மார்பும் கொம்பும் அதற்குப் பிறகுதான். படை செல்லும் பாட்டுகளில் யானையின் அடியிலும் குதிரையின் குளம்பிலும் தேரின் உருளையிலும் எழுவதும் அதுவே. துகையின் உடன்பிறப்பு துவை. துணி துவைப்பது அடித்துக் கசக்குவது. அம்மியில் நசுங்கும் துவையலும் இந்தக் குடும்பம்தான். தூள் என்பது வடமொழித் தூளியிலிருந்து வந்தது என்பார்கள். மிகுதி மீதியாகி, பகுதி பாதியாகி, அகப்பை ஆப்பையாகிற மொழியில் துகள் தூளாவதற்கு வெளியூர்த் துணை எதற்கு? தூளி வடசொல்லாக இருக்கட்டும். தூள் நம்முடையது என்பது என் துணிபு.

துகளுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டே, ஒளித்துகள் என்றால் ஒளியின் குற்றம் என்றாகிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிற்றம்பலநாடிகளின் நூலுக்கே துகளறுபோதம் என்று பெயர். படிந்த தூசியே மாசாகி, மாசே குற்றமானது, அவ்வளவுதான். பூந்துகள் என்று மகரந்தத்தைச் சொல்லும்போது யாரும் பூவின் குற்றத்தை நினைப்பதில்லை.

துகள் எழ ஒரு மோதல் வேண்டும். குளம்பு படாத மண்ணில் மண் இருக்கும், துகள் இருக்காது. ஒளியும் அப்படித்தான் தன் துகள் முகத்தைக் காட்டியது. 1887இல் ஹெர்ட்ஸ் கண்ட ஒளிமின் விளைவில், ஒளி பட்ட உலோகம் எலக்ட்ரானை உமிழ்கிறது. உமிழ்ந்த எலக்ட்ரானின் வேகம் ஒளியின் செறிவைப் பொறுத்ததன்று, அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதற்குத்தான் 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் சொன்னார். 1923இல் காம்ப்டன் எக்ஸ் கதிர்களை எலக்ட்ரான்கள்மேல் மோதவிட்டபோது, சிதறிய கதிர்களின் அலைநீளம் கூடியிருந்தது. மோதலில் கொடுத்த ஆற்றலின் கணக்கு அது. இரண்டு இடத்திலும் கைகலப்பு நடக்கிறது, துகள் எழுகிறது.

அலை பக்கம் வருவோம். சங்கப் புலவர் நெய்தல் நிலத்தில் கடலைப் பார்த்துப் பெரிதும் சொன்னது திரை. அலை என்பது அலைதல், அலைத்தல் என்ற வினையாகவே அன்று மிகுதியும் நடமாடியது. திரைதல் என்றால் சுருங்கி மடிப்பு விழுதல். பால் திரைகிறது, முதுமையில் தோல் திரைகிறது, நரைதிரை என்கிறோம். தோலில் உள்ள திரையைத் தோலிலிருந்து பிரித்துக் கையில் எடுக்க முடியுமா? அது ஒரு பொருளன்று, பொருள் கொண்ட வடிவம். ஹைகென்சும் தாமஸ் யங்கும் ஒளியைப் பற்றிச் சொன்னது இதுதான். பாடநூல் எழுதியவர்கள் அலையைத் தேர்ந்தார்கள். திரை மடிப்புத் துணியாகி, சினிமாத் திரையாகிப் போய்விட்டது. இன்று மாணவன் படிக்கும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில், ஒளித்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும் இடத்துக்குப் பெயரும் திரைதான். எழுதியவர்களுக்கு இந்தச் சிலேடை தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

அந்தத் திரையின் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் ஒரு சிறு வாயுச் சுடரின் ஒளியைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கச்செய்து, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தட்டில் விழச்செய்தார். ஒரு தட்டு ஏறத்தாழ மூன்று மாதம் அப்படியே இருந்தது. ஒளி அவ்வளவு மெலிந்தும், அலைக்கு அடையாளமான ஊசி நிழலின் ஓரத்து வரிகள் மங்கவில்லை. 1989இல் ஜப்பானில் தொனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் பிடித்தது. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள், ஒழுங்கே தெரியாது. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேரச்சேர, யாரும் வரையாத பட்டைகள் மெல்ல எழுகின்றன. விழுந்தவை ஒவ்வொன்றும் துகள், விழுந்த முறை அலை. ஆசீவகர் மறுத்த அவல் இங்கே பரந்துவிட்டது.

எலக்ட்ரானுக்கும் பெயர்த் தகராறு உண்டு. 1897இல் அதைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன், ஸ்டோனி 1891இலேயே வைத்திருந்த எலக்ட்ரான் என்ற பெயரை ஏற்காமல் நெடுநாள் ‘கார்ப்பசல்’ என்றே எழுதினார். சிறு உடல் என்று அதற்குப் பொருள். டி பிராலி 1924இல் பருப்பொருளுக்கும் அலை உண்டு என்றார். 1927இல் அதைச் சோதனையில் காட்டியவர்களில் தாம்சனின் மகன் ஜி.பி. தாம்சனும் ஒருவர். தந்தை சிறு உடல் என்றதை மகன் அலை என்று காட்டினார். இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, 1906இலும் 1937இலும். தமிழில் இதற்கும் அணுவை ஒட்டி மின்னணு என்றார்கள். இலங்கையில் இலத்திரன் என்று ஒலியை மட்டும் வாங்கிக்கொண்டது எவ்வளவோ மேல். தவறான இலக்கணம் எதுவும் கூடவே வரவில்லை.

பாடநூலும் கலைச்சொல் பட்டியலும் எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பிலாவது ஒளியணுவை அடித்துவிட்டு ஒளித்துகள் என்று எழுதட்டும்; மனம் ஒப்பாவிட்டால் ஃபோட்டான் என்றே இருக்கட்டும். மின்னணுவை இனி ஒன்றும் செய்ய முடியாது. அது வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.