ஐந்தாம் நாள் காய்ச்சல்

2021 ஜூன். சென்னையில் வீட்டிலிருந்தே வேலை. ஆலந்தலையிலிருந்து அக்கா அழைத்தாள்.

"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் விடமாட்டுக்கு. அஞ்சு நாளாச்சு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

ஒரு மாதத்துக்கு முன் அவள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போயிருந்தது. பிள்ளைக்கு லேசான சளியோடு சரி. இப்போது டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ். டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

போனில் பின்னால் ஆச்சி செபமாலை சொல்வது கேட்டது. அறுபதுகளில் ஆச்சியின் மூத்த மகன் நான்கு வயதில் இறந்தான். "காய்ச்சல்ல போயிட்டான்." அவ்வளவுதான் குறிப்பு.

நோயாளி வீட்டுச் செபம் இந்தக் கரைக்குப் பழசு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் சவேரியார் ஒன்றைச் சொல்கிறார்: முத்துக்குளித்துறையில் எல்லா நோயாளிகளையும் தன்னால் போய்ப் பார்க்க முடியாததால், செபம் கற்ற சிறுவர்களை அவர்கள் வீடுகளுக்கு அனுப்பினாராம். அன்று கையில் இருந்தது அதுதான்.

ஆச்சி மகனை இழந்த அதே பத்தாண்டில், 1961இல், டோக்கியோவில் டொமிசாக்கு கவாசாகி என்ற டாக்டர் ஒரு நான்கு வயதுப் பையனைப் பார்த்தார். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடு, தடிப்பு. தெரிந்த எந்த நோயிலும் அடங்கவில்லை. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. அடுத்தடுத்து வந்த குழந்தைகளைக் குறித்துவைத்து, 1967இல் 50 பேரின் கதையை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். இதயத் தமனிகளை வீங்கவைக்கும் அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். காரணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

இந்த வகை நோய்களில் குழந்தையைக் கொல்ல வருவது கிருமி மட்டுமல்ல, குழந்தையின் சொந்த எதிர்ப்புச் சக்தியும்தான். 1952இல் பிரிட்டனில் ஃபார்குவார், கிளேரோ இருவரும் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் விவரித்த நோய் இதற்குக் கொடூரமான உதாரணம். அதில் ரத்த அணுக்களையே உடல் விழுங்கிவிடுகிறது. எதிரியைக் கொன்றதும் 'போதும்' என்று நிற்க வேண்டிய செல்கள், கொல்லவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறும் நிபந்தனை எழுத மறந்த லூப் சர்வரையே சாய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே சாய்வது ஒரு பிள்ளை.

2020 ஏப்ரலில் லண்டனில், பத்தே நாட்களில் எட்டுக் குழந்தைகள் இப்படி அதிர்ச்சி நிலையில் தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். டாக்டர்கள் உடனே உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். மே 15 அன்று உலக சுகாதார நிறுவனம் வரையறை வெளியிட்டது. அந்தக் கோடையிலேயே சென்னையின் நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து 19 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தன. கொரோனாவுக்குச் சில வாரங்கள் கழித்து வரும் இந்த அழற்சி மிக அரிது. ஆனால் வந்தால் வேகம். அந்த ஜூன் 5 அன்று, தன் பெயர் உலகமெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோது, 95 வயதில் கவாசாகி இறந்தார்.

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா? எப்ப?" அந்தக் கேள்விதான் அவனைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஃபெரிட்டின் எகிறியிருந்தது. எக்கோ எடுத்தார்கள். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். பின்னது ஆயிரக்கணக்கானவர்கள் தானம் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. கிலோவுக்கு 2 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம். மூன்றாம் நாள் தோசை கேட்டான்.

அந்தக் கேள்வியை அந்த டாக்டர் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. டோக்கியோவில் ஒருவர் விடாமல் குறித்துவைத்ததும், லண்டன்காரர்கள் தாமதிக்காமல் சொன்னதும், சென்னைக்காரர்கள் எண்ணிப் பார்த்ததும் அதற்குள் இருந்தன.

ஊருக்குப் போனபோது ஆச்சி கேட்டாள். "அந்த நோய்க்கு என்ன பேருய்யா?"

சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், வாயில் நுழையவில்லை.

"என் பிள்ளைக்கும் அதானா?"

தெரியாது ஆச்சி, என்றேன். குறித்துவைக்க அன்று யாரும் இல்லை.