ஏதான் மக் கப்ரான்: குலமுறைப் பட்டியலும் அரசுரிமையும்

கி.பி. 574 அளவில் டால் ரியாட்டாவின் அரசனாகி, 609 அளவில் இறந்தவன் ஏதான் மக் கப்ரான். இன்றைய ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையான ஆர்கைலும் அயர்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஆன்ட்ரிமும் சேர்ந்த கேலிக் கடலரசு டால் ரியாட்டா. ஏதான் வடக்கே ஆர்க்னி தீவுகள்மீது படையெடுத்தான். 603இல் தெற்கே டெக்சஸ்டானில் நார்தம்பிரியாவின் ஏதல்ஃபிரித்தை எதிர்த்துத் தோற்றான். அவனுடைய போர்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். குலமுறையை மட்டும் பலரும் எளிய உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் குலமுறை, பின்னாளில் அரசுரிமை கோரியவர்களின் தேவைக்கேற்ப வடிவம் பெற்ற ஆவணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அரசுரிமை கைமாறிய முறையைப் பார்ப்போம். ஏதானின் பாட்டன் டொமங்கார்ட்டுக்குப் பின் அவன் மகன் கொம்கல் ஆண்டான். அடுத்துக் கொம்கலின் தம்பி கப்ரான். கப்ரானுக்குப் பின் அரசு ஏதானுக்கு வரவில்லை. கொம்கலின் மகன் கோனலுக்குப் போனது. கோனல் இறந்த பிறகே கப்ரானின் கிளைக்குத் திரும்பியது. தந்தைக்குப் பின் மகன் என்ற விதி அங்கே இல்லை. ஒரே மூதாதையின் வழிவந்த ஆண்களுள் வலிமையும் ஆதரவும் உள்ளவனே அரசன். ஏதான் ஆட்சியேறிய காலத்தை ஒட்டிக் கின்டயரில் நடந்த போரில் கோனலின் மகன் டன்கத் வீழ்ந்ததாகவும், கப்ரான் மக்களைச் சார்ந்தோர் பலர் மாண்டதாகவும் அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அரசு அமைதியாகக் கைமாறவில்லை என்பதற்கு இதுவே போதும்.

இந்தப் பின்னணியில்தான் அயோனா மடத்தின் தலைவர் அடம்நான், அம்மடத்தை நிறுவிய புனிதர் கொலும்பாவைப் பற்றி எழுதிய வரலாற்றைப் படிக்க வேண்டும். ஏதானின் உடன்பிறந்தானாகிய யோகெனானையே அரசனாக்கப் புனிதர் விரும்பினாராம். வானதூதர் கண்ணாடி நூலுடன் தோன்றி, சாட்டையால் அடித்து, மூன்று இரவுகள் வற்புறுத்திய பின்னரே அவர் அயோனாவில் ஏதானுக்கு அரசப் பொறுப்பளித்தாராம். அடியின் தழும்பு வாழ்நாள் முழுதும் இருந்தது என்கிறார் அடம்நான். அண்ணன் தம்பியருள் யார் அரசன் என்பது உண்மையாகவே கேள்வியாக இருந்ததால்தான் அதைத் தீர்க்க வானதூதர் தேவைப்பட்டார்.

அடுத்த தலைமுறைக்கும் இதே ஏற்பாடுதான். தன் மகன்களான ஆர்ட்டூர், எயோகாய்டு ஃபின், டொமங்கார்ட் ஆகிய மூவருள் யார் வாரிசு என்று ஏதான் கேட்கிறான். மூவரும் போரில் மடிவார்கள் என்கிறார் கொலும்பா. இளைய பிள்ளைகளை அழைத்துவரச் சொல்கிறார். எயோகாய்டு புயிதே என்ற சிறுவன் ஓடிவந்து அவர் மார்பில் சாய்கிறான். அவனே அரசன் என்று தீர்ப்பாகிறது. அடம்நான் இதை எழுதியது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து. அதற்குள் எயோகாய்டு புயிதேயின் மகன்களும் பேரர்களும் அரியணை ஏறியிருந்தார்கள். மூத்தவர்களைத் தாண்டி இளையவனின் கிளைக்கு அரசு வந்ததை இக்கதை நியாயப்படுத்துகிறது.

ஏழாம் நூற்றாண்டுச் செய்திகளைக் கொண்டு பத்தாம் நூற்றாண்டில் திருத்தி எழுதப்பட்ட ‘சென்கஸ் ஃபெர் நல்பான்’ என்னும் பட்டியலை இதோடு ஒப்பிடலாம். கப்ரான் குலத்துக்கு 560 வீடுகள், ஓங்கஸ் குலத்துக்கு 430, லோர்ன் குலத்துக்கு 420 என்று கணக்கிட்டு, இருபது வீட்டுக்கு ஏழு இருக்கைப் படகுகள் இரண்டு என்று கடற்படைக் கடமையையும் அது விதிக்கிறது. அது தரும் ஏதானின் மகன்கள் எழுவர்: இரண்டு எயோகாய்டுகள், டூவதல், பிரான், பைதேனே, கொனாய்ங், கார்ட்னாய்ட். ஆர்ட்டூரும் டொமங்கார்ட்டும் இவர்களுள் இல்லை. ஆனால் கொனாய்ங்கின் மகன்களைச் சொல்லும் இடத்தில் அதே இரண்டு பெயர்களும் வருகின்றன.

அடம்நான் மகன்கள் என்று சொன்னவர்கள் பேரர்களாகிவிட்டார்களா? இறந்த சிற்றப்பன், பெரியப்பன் பெயர்களைக் கொனாய்ங் தன் பிள்ளைகளுக்கு இட்டிருக்கலாம். ஆனால் டொமங்கார்ட் ஏதானின் மகனே என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளும் சொல்கின்றன. காலத்தால் நெருங்கிய சான்றுகள் ஒருபுறம் நிற்க, படகுக் கணக்குக்காக எழுந்த பட்டியல் மறுபுறம் நிற்கிறது. வழித்தோன்றல் இல்லாமல் மடிந்தவர்களுக்கு அப்படிப்பட்ட பட்டியலில் இடம் தேவைப்படவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

குலமுறையின் மேற்பகுதியும் இதே ஐயத்துக்கு உரியது. ஏதானின் பாட்டன் டொமங்கார்ட்டின் தந்தையாகிய ஃபெர்கஸ் மோர், கி.பி. 500 அளவில் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்ததாக மரபு. ஆனால் 731இல் எழுதிய பீட், குடியேற்றத்துக்குத் தலைமை தாங்கியவன் ரெயூடா என்கிறார். ஃபெர்கஸ் அவர் நூலில் இல்லை. பெருங் குடியேற்றத்துக்கான தொல்லியல் தடயங்கள் ஆர்கைலில் இல்லை என்று யூவன் கேம்பெல் 2001இல் வலுவாக வாதிட்டார். கரை கடந்த முதல் மூதாதை என்பது அரச குலங்களுக்குத் தேவைப்பட்ட தொடக்கம்.

குலமுறை யாருக்குப் பயன்பட்டது என்பதற்குத் தெளிவான சான்று, ஷாஃப்ஹவுசனில் இன்றும் உள்ள அடம்நான் நூலின் கைப்பிரதி. 713இல் இறந்த டோர்பேனே அதை எழுதியவர். அயோனாவின் முந்தைய தலைவர் கும்மேனேயின் நூற்பகுதி ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார். என் உறவினருக்கு உன் வழியினர் தீங்கிழைத்தால் செங்கோல் கைநழுவும் என்று கொலும்பா ஏதானை எச்சரித்தாராம். 637இல் மாக் ராத் போரில் ஏதானின் பேரன் டோம்னல் பிரெக் கொலும்பாவின் உறவினரை எதிர்த்து அந்த எச்சரிக்கையை மீறினான் என்பது கும்மேனேயின் குற்றச்சாட்டு. மடம் அங்கீகரித்த குலம், மடத்துக்கு விசுவாசமாக இருந்தால்தான் குலம்.

ஆகவே ஏதானின் வாழ்க்கையை எழுதுவோர் ஒரு குலமுறையை மட்டும் தெரிந்தெடுத்து வரைபடமாகப் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் எந்தச் சான்று, எந்தக் காலம், யாருடைய தேவை என்ற மூன்றையும் அருகில் எழுத வேண்டும். கப்ரானின் மகன் ஏதான் என்பதும், அவன் வழியினர் பின்னர் ஆண்டார்கள் என்பதும் உறுதி. ஆர்ட்டூர் அவனுடைய மகனே என்பது வலுவான முடிவு. ஃபெர்கஸ் மோரின் கடற்பயணமோ மரபுக் கதை என்ற அளவிலேயே இடம்பெறத் தக்கது.