கல்லீரல் இல்லாத கடல்

போன மாசம் ஒரு ராத்திரி, கிளினிக் மூடுற நேரம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வச்சிருக்கிற குடும்பத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. போனை நீட்டினார்.

படத்தில் கண்ணாடித் தொட்டி. தண்ணி பளிங்கு மாதிரி. அடியில் சுருங்கிப் போன ஒரு கடல் சாமந்தி, பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ரெண்டு இறால்.

"சார், உப்பு சரியா இருந்துச்சு. சூடு சரியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தொட்டி வச்சேன், புதன்கிழமை இதுகளை விட்டேன், வெள்ளிக்கிழமை எல்லாம் போச்சு. என்ன சார் தப்பு பண்ணேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மனுசங்களுக்கே சுமார் 40 வருசம் ஆச்சு மக்களே. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

கதை ஒரு டாக்டரிடம் தொடங்குகிறது. நத்தானியல் வார்ட், லண்டன் மருத்துவர். மூடிய கண்ணாடிக்குள் செடிகள் தானாகவே பிழைத்திருப்பதை 1829ல் கவனித்தார். பின்னாளில் சீனத்துத் தேயிலைக் கன்றுகளும், மலேரியாவுக்கு மருந்து தந்த சின்கோனாக் கன்றுகளும் அவர் பெயர் தாங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தன. நம்ம குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷனில் நின்றால் தெரியும் தேயிலைச் சரிவுகளுக்கும் நம்ம தம்பியின் தொட்டிக்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

1846ல் ஆனா தின் என்ற பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையில் எடுத்த உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். வீட்டுப் பணிப்பெண் தினமும் அந்தக் கடல்நீரைத் திறந்த ஜன்னல் பக்கம் நின்று பாத்திரம் மாற்றி ஊற்றுவார், நாம டீ ஆத்துற மாதிரி. தண்ணிக்குள் காற்று சேரணும் என்பதற்காக. அடுத்த வருசம் கடற்பாசியையும் சேர்த்தார். பவளங்கள் ஏறக்குறைய மூணு வருசம் உயிரோடு இருந்தன.

1850ல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். மீன் விடும் மூச்சைச் செடி எடுக்கும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுக்கும், அழுகியதை நத்தை தின்னும். கணக்கு சரி. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகமே திறந்தார்கள். வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பிடித்தது. ஆனா கணக்கில் வராத ஒரு ஆள் இருந்தார். அவர் கண்ணுக்கே தெரியாதவர்.

1877, பிரான்ஸ். ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை மெதுவா விட்டார்கள். 20 நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதுக்கப்புறம் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. ஏன் இத்தனை நாள் தாமதம்? வெறும் ரசாயன வினை என்றால் முதல் நாளே நடந்திருக்கணுமே!

அடுத்து அவங்க செய்ததுதான் ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது. அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்பட்ட குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டார்கள். வேலை நின்றுபோனது. மயங்கினால் அது உயிர்தானே! மண் கரைத்த நீரைத் திரும்ப ஊற்றிய பிறகு வேலை மறுபடி தொடங்கியது. அந்த உயிர்தான் பாக்டீரியா.

இது ரெண்டு கட்டமாக நடக்குது, ரெண்டு வேறு வகை நுண்ணுயிர்கள் செய்யுது என்று இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் பண்ணையில் காட்டியவர் யார் தெரியுமா? இன்னொரு ராபர்ட் வாரிங்டன். முதல் வாரிங்டனின் மகன். அப்பா கணக்கில் விட்டதை மகன் நிரப்பினார். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தே எடுத்துவிட்டார்.

நம்ம ஊருக்கு வருவோம். 1909ல் சென்னை மெரினாவில் இந்தியாவின் முதல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு வித்திட்ட எட்கர் தர்ஸ்டனும் மருத்துவம் படித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தியவர். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி எழுதியவரும் அவரே. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது.

சரி, தம்பி தொட்டியில் என்ன நடந்தது?

நம்ம உடம்பில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுது. கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறி, மூளை குழம்பி, நினைவு தப்புவதை வார்டில் பார்க்கிறோம். தொட்டிக்குக் கல்லீரல் அந்தப் பாக்டீரியா. புதுத் தொட்டி என்பது கல்லீரல் இல்லாத உடம்பு. கடல்நீர் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 8.2 பக்கம். அந்த நிலையில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கும், விஷம் கண்ணுக்குத் தெரியாது.

தம்பியிடம் கேட்டேன்: "உங்க அப்பா மரத்தையெல்லாம் வெட்டின மொட்டை வெளியில ஏலக்கன்னு வைப்பாரா?"

"எப்படி சார்? நிழல் மரம் வேணும், சருகு மண் வேணும். வெயில்ல கருகிரும்."

"அதேதான். நீங்க மொட்டை வெளியில வச்சுட்டீங்க."

செய்ய வேண்டியது இது. உயிர் எதுவும் இல்லாமல் தொட்டியை ஓட விடுங்க. உள்ளே சின்னத் துண்டு இறால் கறி போதும், அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா பெருகும். நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்யம் காட்டின பிறகு முதலில் நத்தை, அப்புறம் தாங்கும் மீன் ஒண்ணு ரெண்டு. இறாலை விடும்போது தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்குங்க. கடல் சாமந்தி பல மாசம் கழித்துத்தான்.

நம்ம மலைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. ஏலத்துக்கு அழுகல் நோய் மருந்தா போர்டோ கலவை கரைக்கிற டிரம்மில் தொட்டிக்கு உப்புத்தண்ணி கலக்காதீங்க. அதில் இருக்கிற மயில்துத்தம் செம்புதான். துளி செம்பு இறாலையும் சாமந்தியையும் கொன்றுவிடும்.

பவளம், கடல்குதிரை, கடல் அட்டை யார் விற்றாலும் வாங்காதீங்க. 2001லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டவை அவை.

தம்பி இப்போ தினமும் பரிசோதனை பண்ணி வாட்ஸப்பில் படம் அனுப்புறார். நேத்து அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் இன்னும் இறங்கலை. "இன்னும் எத்தனை நாள் சார்?" என்று கேட்டிருந்தார்.

ஏலக்கன்னு நட்டு காய் பறிக்க எத்தனை வருசம்னு உங்க அப்பாகிட்ட கேளுங்க தம்பி என்று பதில் போட்டேன்.