தரவு நிலைப்பு (பைத்தான்)

தரவு நிலைப்பு என்பது ஒரு நிரலில் பயனர் உள்ளிட்ட தரவு, அந்நிரல் முடிவுற்ற பின்னரும் அழியாமல் இருந்து, மறுமுறை இயக்கும்போது மீண்டும் கிடைப்பதைக் குறிக்கும். பைத்தான் நிரலாக்க மொழியில் மாறிகளின் மதிப்புகள் கணினியின் முதன்மை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். நிரல் முடிந்ததும் அவை மறைந்துவிடுவதால், அவற்றைக் கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதிவைத்தல் வேண்டும்.

ஜேசான்

2008 இல் வெளியான பைத்தான் 2.6 பதிப்பிலிருந்து ஜேசான் கூறு மொழியுடனேயே கிடைக்கிறது. இதன் 'டம்ப்' செயற்கூறு தரவைக் கோப்பில் எழுதும்; 'லோடு' அதைத் திரும்பப் படிக்கும். பெயர்களும் தொலைபேசி எண்களும் கொண்ட அகராதி போன்ற எளிய தரவுக்கு இதுவே போதுமானது. எனினும், அகராதியின் சாவிகள் எண்களாக இருப்பின் அவை சரங்களாக மாறித் திரும்பும்.

தமிழில் உள்ளிடப்படும் தரவுக்கு ஒரு குறிப்பு: இயல்பிருப்பாக ஒவ்வொரு ஒருங்குறிக் குறியீடும் ஆறு ஆஸ்கி எழுத்துகளாக எழுதப்படும். ஐந்து குறியீடுகள் கொண்ட 'வள்ளி' என்னும் பெயர் யூ.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகளே கொள்ளும். இங்கோ 30 ஆகும். தரவு பழுதாகாது, ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பவரால் படிக்க இயலாது. 'என்ஷூர் ஆஸ்கி' என்ற அளபுருவை அணைத்து, கோப்பின் குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 எனக் குறிப்பிட்டால் தமிழ் தமிழாகவே இருக்கும்.

தரவு இழப்பு

கோப்பை எழுதுவதற்கான 'டபிள்யூ' முறையில் திறந்த கணமே அதன் பழைய உள்ளடக்கம் நீக்கப்படுகிறது. அதன் பின்னரே புதியது எழுதப்படும். இடையில் வழு ஏற்பட்டால் பழையதும் இராது, புதியதும் முழுமையாக இராது. எடுத்துக்காட்டாக, ஜேசான் அறியாத தேதிப் பொருள் ஒன்று தரவின் நடுவே இருந்தால் பாதிக் கோப்பே எஞ்சும். இதைத் தவிர்க்க, அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி மூடிய பிறகு, ஓ.எஸ். கூறின் 'ரீப்ளேஸ்' செயற்கூறால் பழைய கோப்பின் இடத்தில் அதை வைக்கலாம்.

பிக்கிள்

ஊறுகாய் எனப் பொருள்படும் பெயர் கொண்ட இக்கூறு, நிரலர் உருவாக்கிய வகுப்புகளின் பொருள்களையும் சேமிக்க வல்லது. ஆனால் பிக்கிள் கோப்பைப் படிக்கையில் அதனுள் பொதிந்த கட்டளைகள் இயங்கக்கூடும். எனவே பிறரிடமிருந்து வந்த பிக்கிள் கோப்பைத் திறத்தல் ஆகாது.

எசுக்யூலைட்டு

பதிவுகள் பெருகும்போது, பைத்தான் 2.5 (2006) முதல் உடன் வரும் எசுக்யூலைட்டு தரவுத்தளம் பொருத்தமானது. மாற்றங்களைச் செய்தபின் 'கமிட்' அழைக்காமல் இணைப்பை மூடினால், வழக்கமான அமைப்பில் அவை சேமிக்கப்படுவதில்லை.