மடிக்கணினி பேசக் கற்றுக்கொண்ட கதை

கல்லூரியில் இடம் கிடைத்ததும் வீட்டில் தொடங்கும் அடுத்த பேச்சு மடிக்கணினி. எந்த கம்பெனி, எத்தனை ஜி.பி. ராம், கேம் ஓடுமா, என்ன கலர்... கடைக்காரர் திரையைத் திறந்து காட்டுவார். பையன் தலையாட்டுவான். அப்பா பணத்தை எண்ணி வைப்பார். வேலை முடிந்தது.

பார்வையில்லாத ஒரு மாணவர் அதே கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் பெருமையாகக் காட்டும் அந்தப் பளபளப்பான திரையால் அவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. அவருடைய முதல் கேள்வியே வேறு. "இது பேசுமா?"

பேசும் என்பதுதான் இன்றைய பதில். ஆனால் இந்தப் பதில் சும்மா வந்துவிடவில்லை. 1980களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல், ஒரு பார்வையற்றவர் கணினிக்குக் கொடுத்ததைவிட அதன் குரலுக்குக் கொடுத்த பணம்தான் அதிகமாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தது. எந்தக் கணினியை வாங்குவது என்று அவர் தீர்மானிக்கவில்லை. குரல் தீர்மானித்தது.

ஸ்கிரீன் ரீடர் என்று சொல்லப்படும் திரை வாசிப்பானைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் இருக்கும் எழுத்தையும் பொத்தானையும் மெனுவையும் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. மவுஸ் கிடையாது, எல்லாம் விசைப்பலகைதான். பழகியவர்கள் அதை நிமிடத்துக்கு 300, 400 சொற்கள் என்ற வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ டேப் ரிக்கார்டர் கெட்டுப்போனதுபோல இருக்கும்!

இந்தப் பெயரே ஒரு பொருளின் பெயராக இருந்துதான் பொதுப்பெயர் ஆனது. ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜிம் தாட்சர் என்ற கணிதவியலாளர் இருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வு வழிகாட்டியாக இருந்து, பின்னர் ஐ.பி.எம்.மில் அவருடன் வேலை பார்த்தவர் ஜெஸ்ஸி ரைட். ரைட்டுக்குப் பார்வை கிடையாது. பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தபோது தன் ஆசிரியரும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று தாட்சர் செய்த வேலைதான் 1980களின் நடுவில் 'ஐ.பி.எம். ஸ்கிரீன் ரீடர்' ஆனது. அதை இயக்க 18 விசைகள் கொண்ட ஒரு தனிப்பெட்டியைக் கணினியோடு இணைக்க வேண்டும். மேசைக்கணினிக்குச் சரி. தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போக நினைப்பவருக்கு?

தனிப்பெட்டி அது ஒன்று மட்டுமல்ல. அன்றைய கணினிக்குள் பேசுவதற்கான வசதியே கிடையாது, ஒரு 'பீப்' ஒலி மட்டும்தான். பேச்சை உருவாக்கவும் வெளியில் ஒரு பெட்டி வேண்டும். அவற்றில் பேர்போனது டிஜிட்டல் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த டெக்டாக். விலை சுமார் 4,000 டாலர். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டென்னிஸ் கிளாட்டின் பல வருட ஆராய்ச்சி அது. அதன் முக்கியமான குரலுக்கு அவர் தன் குரலையே மாதிரியாக வைத்தார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் அறிந்ததும் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்ததுதான். இதில் ஒரு சோகம் உண்டு. புற்றுநோயால் கிளாட் தன் சொந்தக் குரலை இழந்துகொண்டிருந்தார், 1988இல் காலமானார். அவருடைய குரல் மட்டும் பல வருடங்கள் யார் யாருக்காகவோ பேசிக்கொண்டிருந்தது.

இவ்வளவு செலவு இருந்தாலும் டாஸ் காலம் ஒரு வகையில் பொற்காலம். காரணம் மிக எளியது. டாஸ் திரை என்பது 25 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 2,000 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பது கணினியின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். திரை வாசிப்பான் அதை எடுத்துப் படித்தால் போதும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் செய்யும் அதே வேலையை அதே வேகத்தில் பார்வையற்றவரும் செய்ய முடிந்தது.

இந்தக் காலத்தில்தான் டெட் ஹென்டர் வருகிறார். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது. அதன்பின் கணினி படித்தார். 1987இல் பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து ஃபுளோரிடாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989இல் வந்தது ஜாஸ். சுறாமீன் படத்தின் பெயர்தான்! 'ஃபிளிப்பர்' என்று டால்பின் பெயரில் ஏற்கெனவே ஒரு திரை வாசிப்பான் இருந்ததால் இந்தக் குறும்பு.

பிறகு வந்தது விண்டோஸ். பார்வையுள்ளவர்கள் "ஆகா, எவ்வளவு சுலபம்!" என்று கொண்டாடிய அதே நேரத்தில் பார்வையற்ற பலர் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள். படத்திரையில் எழுத்து எழுத்தாக இருப்பதில்லை. எல்லாமே புள்ளிகளால் வரைந்த படம். நினைவகத்தில் தேடினால் 'அ' கிடைக்காது, 'அ' வடிவத்தில் அடுக்கிய புள்ளிகள்தான் கிடைக்கும். இதற்கு வழி கண்டுபிடித்தவர்களின் உழைப்பைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. நிரல் ஒன்று "இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை" என்று திரைக்கு அனுப்பும் கட்டளையைத் திரை வாசிப்பான் நடுவழியில் மறித்துக் கேட்கும். கேட்டதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு திரையைத் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். பிறகு அதைப் படிக்கும். மெக்கின்டாஷில் இதை 1989லேயே 'அவுட்ஸ்போக்கன்' செய்து காட்டியது. (அதைச் செய்த பெர்க்லி சிஸ்டம்ஸ்தான் சிறகடிக்கும் ரொட்டி டோஸ்டர் ஸ்கிரீன் சேவரையும் செய்தது. ஒன்று பார்க்காதவர்களுக்கு, ஒன்று பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு!) விண்டோஸுக்கான ஜாஸ் 1995 ஜனவரியில் வந்தது.

மடிக்கணினி வாங்குபவருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். கட்டளையை நடுவழியில் மறிப்பது என்றால், கணினியின் கிராபிக்ஸ் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சில டிரைவர்களோடு அது ஒத்துப்போகும், சிலவற்றோடு சண்டைதான். மேசைக்கணினியில் அட்டையைக் கழற்றி வேறு மாட்டலாம். மடிக்கணினியில் அது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. ஆகவே ஒரு துளியும் பார்க்கப்போகாத திரைக்கு எந்த கிராபிக்ஸ் சிப் இருக்கிறது என்று கடையில் எல்லோரையும்விட அதிகமாகத் துருவித் துருவிக் கேட்க வேண்டியவர் பார்வையற்றவர்! இதோடு ஜாஸின் உரிமச்சாவி வேறு ஃபிளாப்பியில் வந்தது. மடிக்கணினிகள் ஃபிளாப்பியைக் கைவிடத் தொடங்கிய பிறகும் அந்தச் சாவிக்காக டிரைவ் தேடியவர்கள் உண்டு.

மைக்ரோசாஃப்ட் உதவியதா? உதவியது, ஆனால் தானாக இல்லை. விண்டோஸ் 95 வந்த சமயத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பார்வையற்றோர் ஆணையம், எங்கள் ஊழியர்கள் பயன்படுத்த முடியாத ஒன்றை அரசு வாங்கக்கூடாது என்று கொடி பிடித்தது. மனுக்கள் செய்யாததை வாங்கமாட்டோம் என்ற ஒரு வார்த்தை செய்தது. 1997இல் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி என்ற ஏற்பாடு வந்தது. பொத்தான் தன்னைப் பற்றித் தானே "நான் பொத்தான், என் பெயர் சேமி" என்று திரை வாசிப்பானிடம் சொல்லும் முறை. மறித்துக் கேட்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல் அல்லவா? 1998இல் அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கும் கணினிப் பொருட்கள் ஊனமுற்றவர்களும் பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள்.

இதற்கிடையில் வேறு பாதையில் போனவர் டி.வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வையை இழந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கணிதச் சமன்பாடுகளைக் காதால் படிக்கும் முறையைப் பற்றிய ஆய்வுக்காக 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுவருடம் எமாக்ஸ்பீக்கை வெளியிட்டார், இலவசமாக. திரையைப் படித்துச் சொல்வது என்ற எண்ணத்தையே அவர் ஒதுக்கினார். திரை எதற்கு, நிரலே நேராகப் பேசட்டும் என்றார். அருமையான யோசனை. ஆனால் லினக்ஸும் எமாக்ஸும் கைவந்த ஒரு சிலருக்குத்தான் அது பயன்பட்டது. பி.ஏ. வரலாறு படிக்க வந்தவருக்கு எட்டவில்லை.

அவருக்கு இருந்தது ஜாஸ்தான். 2000களில் அதன் சாதாரணப் பதிப்பின் விலை 895 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 40,000 ரூபாய். மடிக்கணினி ஒன்று, அதற்குப் பேச்சு வர இன்னொரு மடிக்கணினியின் காசு! அமெரிக்காவில் மறுவாழ்வுத் துறையோ கல்லூரியோ பல சமயம் அதை வாங்கிக்கொடுக்கும். மற்ற நாடுகளில் பலருக்கு இருந்த ஒரே வழி, 40 நிமிடம் மட்டும் ஓடும் சோதனைப் பதிப்பு. நேரம் முடிந்தால் கணினியையே மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு கட்டுரை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை நிறுத்திக் கிளப்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். திருட்டுப் பிரதிகளும் புழங்கின. அதைச் சரி என்று சொல்வதற்கில்லை. ஆனால் வேறு வழி இருந்ததா என்றும் கேட்காமல் இருக்க முடியவில்லை. விண்டோஸ் 2000த்தோடு நரேட்டர் என்று ஒன்று சும்மா வந்தது, ஆனால் அதை நம்பி முழுநாள் வேலை செய்ய முடியாது.

ஆப்பிளில் இன்னும் மோசம். மேக் ஓ.எஸ். எக்ஸ் வந்தபோது அவுட்ஸ்போக்கன் கூடவே வரவில்லை. சில வருடங்கள் புது மேக் ஊமைதான். பிறகு 2005 ஏப்ரலில் டைகர் பதிப்போடு வாய்ஸ்ஓவர் வந்தது. கணினியை வாங்கினாலே அதற்குள் திரை வாசிப்பான், தனி விலை இல்லை. கடையில் நிற்கும் எந்த மேக்கிலும் கமாண்ட் விசையோடு எஃப்5 அழுத்தினால் அது பேசும்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர், மைக்கேல் கர்ரன், இந்த விலைகளைப் பார்த்துச் சலித்துப்போய் பைத்தான் மொழியில் ஒரு திரை வாசிப்பானை எழுதத் தொடங்கினார். அதுதான் என்.வி.டி.ஏ. விரைவில் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் சிறுவயதில் அறிமுகமான நண்பர்கள் இருவரும். இருவருக்குமே பார்வை கிடையாது. பார்வையுள்ளவர் பணம் கொடுத்துத் திரை வாங்குவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் என்பதுதான் அவர்கள் வாதம். பெரிய கம்பெனி ஒன்று சட்டென்று சொல்லிவிட முடியாத வாதம் அது. 2007இல் என்.வி. ஆக்செஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். யு.எஸ்.பி. குச்சியில் போட்டு எந்தக் கணினியிலும் செருகலாம் என்பதால், ஒருவர் தன் 'குரலை' சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லேப் கணினி முன் உட்கார முடிந்தது. பயனாளர்களிடம் வெப்எய்ம் எடுத்த கணக்கெடுப்பில் 2009இல் 74 சதவீதம் பேர் ஜாஸ் என்றார்கள். 2019 கணக்கெடுப்பில் முதன்மை வாசிப்பானாக என்.வி.டி.ஏ. 40.6, ஜாஸ் 40.1. பிறகு ஜாஸ் மறுபடி முந்தியது, அது வேறு விஷயம்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக் தமிழும் பேசும். கொஞ்சம் இயந்திரத்தனமாக, ஆனால் தெளிவாக. இலவச மடிக்கணினித் திட்டம் தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கியபோது, அந்தக் கணினிக்குப் போட ஒரு இலவசக் குரல் இருந்தது. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் பாதிப் பரிசுதான். ஆனால் எழுத்துரு பிரச்சினை விடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், திரையில் மட்டும்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். திரை வாசிப்பான் அதைப் படித்தால் காதில் விழுவது பிதற்றல். யுனிகோடில் அடித்தால் மட்டுமே அது தமிழாகக் கேட்கும். கல்லூரியில் நோட்ஸ் தட்டச்சு செய்து தருபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கருவி பேசினால் மட்டும் போதாது என்பதற்கு 2009இல் அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடப்புத்தகங்களுக்குப் பதில் கிண்டில் டி.எக்ஸ். கருவியைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. அந்தக் கருவி புத்தகத்தைப் படித்துக் காட்டும், ஆனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனு வாய் திறக்காது. பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டு வழக்குப் போட்டன. 2010 ஜனவரியில் சமரசம் ஆனது. சாப்பாடு இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது என்ற கதை!

இன்று பார்வையற்ற மாணவர் மடிக்கணினி வாங்கும்போது தேடுவது முன்போல் கிராபிக்ஸ் சிப்பை இல்லை, விரலுக்கும் காதுக்கும் வேண்டியதை. விசைப்பலகையில் இன்செர்ட் விசை தனியாக இருக்கிறதா, எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்த வேண்டுமா? அம்புக்குறிகளுக்கு இடைவெளி உண்டா? ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா? ப்ளூடூத்தில் பேச்சு கொஞ்சம் பின்தங்கும், வேகமாக வேலை செய்பவருக்கு அது எரிச்சல். மின்சாரம் மிச்சம்பிடிக்க ஒலிப்பகுதி தூங்கிப்போகும் கணினிகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்படும். 2016இல் ஆப்பிள் மேக்புக் ப்ரோவில் எஸ்கேப் விசையையும் எஃப் விசைகளையும் எடுத்துவிட்டு வழவழப்பான தொடுபட்டையை வைத்தது. வாய்ஸ்ஓவர் அதைப் படித்துச் சொன்னாலும், தடவிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. 2019இல் எஸ்கேப் திரும்பி வந்தது, 2021இல் மற்றவையும்.

புதுப் பெட்டியைப் பிரித்து, விண்டோஸ் விசையோடு கன்ட்ரோலும் என்டரும் அழுத்தி, நரேட்டரைப் பேசவைத்து, மொழி தேர்ந்தெடுப்பதிலிருந்து கடவுச்சொல் வரை யார் துணையும் இல்லாமல் அவரே முடித்துவிடலாம். ஆனால் விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் பயாஸ் என்று ஒரு திரை இருக்கிறது. பொதுவாக அது இன்னும் பேசுவதில்லை. எதையாவது மாற்ற அதற்குள் போக வேண்டி வந்தால், விடுதியில் பக்கத்து அறைக் கதவைத்தான் தட்ட வேண்டும்.