உப்புத்தாளைக் கத்தரியால் வெட்டலாமா?

புதுச்சேரியில் சாரம் பகுதியில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய நாற்காலி ஒன்றைத் தேய்த்து வர்ணம் பூச எண்ணி, கடையில் ஓர் உப்புத்தாள் வாங்கி வருகிறீர்கள். அது 9 அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் கொண்ட தாள். கைக்கு அடங்க வேண்டுமானால் அதை நான்காக்க வேண்டும். உடனே கத்தரிக்கோலைத் தேடுகிறீர்கள் அல்லவா? சற்றுப் பொறுங்கள்! அனுபவமுள்ள தச்சர் எவரும் உங்களைத் தடுப்பார். ஏன்? விடையைத் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லின் வரலாறும் கூடவே கிடைக்கும்.

தூளும் பசையும்

உப்புத்தாளில் உப்பு இல்லை. உப்புத் தூவியது போன்ற தோற்றம் மட்டுமே உண்டு. கடினமான துகள்களைப் பசையால் தாளின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். முற்காலத்தில் பல நாட்டினர் மரத்தை இழைக்கச் சுறாத்தோலைப் பயன்படுத்தினர். லண்டனில் ஜான் ஓக்கி என்பவர் 1833-இல் கண்ணாடித்தூள் ஒட்டிய தாளைத் தயாரிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் இத்தகைய தாளுக்குக் காப்புரிமை பெற்றார். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் உப்புத்தாளுக்கு இன்றும் 'கண்ணாடித் தாள்' என்ற பொருளுடைய பெயரே வழங்குகிறது.

குருந்தத்தின் பயணம்

தமிழகத்திலோ கண்ணாடியைவிடக் கடினமான பொருள் ஒன்று முன்பே புழக்கத்தில் இருந்தது. அதுதான் குருந்தக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இது காணப்படுகிறது. நம் நாட்டுக் கைவினைஞர்கள் இதன் தூளை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். கடினத் தூள், அதைப் பிடித்து நிறுத்தும் பசை என்ற உப்புத்தாளின் தத்துவம் அதிலேயே அடங்கியிருக்கிறது!

1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்றும், பிரெஞ்சில் 'கொரிந்தோன்' என்றும் வழங்கலாயிற்று. மாணிக்கமும் நீலக்கல்லும்கூடக் குருந்தத்தின் வகைகளே.

1891-இல் அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது மின்னும் படிகங்கள் கிடைத்தன. கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று கருதி அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. கருத்து தவறு, ஆனால் பெயர் நிலைத்தது. 1954-இல் சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' நிறுவனம் தொடங்கப்பட்டபோது, கடல் கடந்து சென்ற தமிழ்ச் சொல் உருமாறித் தாயகம் திரும்பியது. அதே ஆண்டு நவம்பர் 1-இல்தான் புதுச்சேரியின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது.

இனி வெட்டலாம்

இப்போது கத்தரிக்கு வருவோம். மோஸ் கடின அளவையில் வைரம் 10, குருந்தம் 9, சிலிக்கன் கார்பைடு 9-க்குச் சற்று மேல். கத்தரியின் எஃகு ஏறத்தாழ 6 முதல் 7 வரைதான். ஆகவே நீங்கள் தாளை வெட்டும்போது, தாள் கத்தரியைத் தேய்த்துவிடுகிறது!

இதற்கு எளிய வழி உண்டு. பழைய ஆக்சா பிளேடு ஒன்றை ஒரு பலகையின் மேல் வையுங்கள். அதன் இரு முனைத் துளைகளுக்கும் அடியில் ஒவ்வொரு வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். பிளேடின் பல் விளிம்பிலிருந்து 4½ அங்குலத்தில் ஒரு கோடும், 5½ அங்குலத்தில் மற்றொரு கோடும் இழுங்கள். உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி பிளேடின் அடியில் நுழைத்து, ஓரத்தைக் கோட்டுடன் பொருத்துங்கள். பிறகு பல் இருக்கும் பக்கத்தில் தாளை மேல்நோக்கி இழுத்தால் நேராகக் கிழியும். பற்களில் தாளின் முதுகுதான் படுகிறது, துகள்கள் படுவதில்லை.

கிழித்த ஒவ்வொரு துண்டின் முதுகிலும் 80, 120, 220 என்ற துகள் எண்ணை எழுதி வையுங்கள். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள மறவாதீர்கள்.

அடுத்த முறை உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 'கார்போரண்டம்' என்று அச்சிட்டிருந்தால், அதற்குள் நம் குருந்தமும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.